போனை எந்தக் காதில் வைக்கிறாய்?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ போட்ட பணம் வந்து சேர்ந்தது. அம்மா அதைத் தொடவில்லை, ஏன் என்று உனக்கே தெரியும். மாடி வீட்டு விவகாரம் அப்படியே நிற்கிறது. பெரியப்பா இறங்கி வருகிற மாதிரி இல்லை.

நாலு வாரமாக நீ போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் மட்டும் உடனே பதில் வருகிறது. டியூட்டி என்கிறாய். சரி, டியூட்டி என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் பீரங்கித் தளங்களில் வேலை பார்த்த பிரிட்டன் பெண்களைப் பற்றி யூனிட்டில் பேச வேண்டும், விவரம் வேண்டும் என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. எழுதிவிடுகிறேன். பொறுமையாகப் படி. ஃபயரிங் கேம்ப் இந்த மாதமும் உண்டு என்று எழுதியிருந்தாயே, காதில் பிளக் போட்டுக்கொள்கிறாய் அல்லவா?

முதலில் வருஷக் கணக்கு. ஏ.டி.எஸ். என்கிற பெண்கள் துணைப்படை 1938 செப்டம்பரில் தொடங்கியது. ஆரம்பத்தில் சமையல், கிளார்க், ஸ்டோர், டிரைவர், இந்த மாதிரி வேலைகள்தான். 1941 ஏப்ரலில்தான் அவர்களை முறையாக ஆயுதப்படையின் அங்கமாகச் சேர்த்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் சட்டம் போட்டு, 20 முதல் 30 வயது வரையுள்ள மணமாகாத பெண்களைக் கட்டாயச் சேவைக்கு அழைத்தார்கள். அந்தச் சட்டத்திலேயே ஒரு வரி இருந்தது: எழுத்தில் சம்மதம் கொடுக்காத எந்தப் பெண்ணையும் உயிர்க்கொல்லி ஆயுதத்தைக் கையாள வைக்கக் கூடாது. 1943ல் ஏ.டி.எஸ். எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியது. அதில் 50,000 பேருக்கு மேல் விமான எதிர்ப்புத் தளங்களில். சம்பளம் ஆணுக்குக் கொடுத்ததில் மூன்றில் இரண்டு பங்கு.

பெண்களைத் தளத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெனரல் ஃபிரெடரிக் பைல். போர் தொடங்கியதிலிருந்து முடியும்வரை விமான எதிர்ப்புக் கமாண்ட் அவர் கையில்தான் இருந்தது. அவருக்கு ஆள் பற்றாக்குறை, அதுதான் உண்மையான காரணம். பெண்ணுரிமை என்று யாராவது பூசி மெழுகினால் நம்பாதே. போருக்கு முன்பே, 1938ல், கரோலின் ஹாஸ்லெட் என்ற பெண் இன்ஜினியரிடம் பீரங்கி ட்ரில்லைக் காட்டி, இதில் பெண்கள் எதைச் செய்ய முடியும் என்று கேட்டார். கடுமையான பாரம் தூக்கும் வேலை நீங்கலாக எல்லாம் முடியும் என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். 1941 ஆகஸ்டில் லண்டன் ரிச்மண்ட் பார்க்கில் முதல் கலப்பு பேட்டரி, அதாவது ஆணும் பெண்ணும் சேர்ந்த பீரங்கிப் பிரிவு, தளத்தில் இறங்கியது. சர்ச்சிலின் மகள் மேரியும் பிறகு ஒரு கலப்பு பேட்டரியில் இருந்தார்.

இனி வேலைக்கு வருகிறேன். உன் யூனிட் பையன்களுக்கு எல்-70 பீரங்கி தெரியும், ரேடார் தெரியும், பட்டனைத் தட்டினால் கணக்கு வந்துவிடும். கணக்கைக் கையால் திருப்பி எடுத்த காலத்தை அவர்களுக்குப் புரியவைப்பதுதான் உன் பேச்சில் கஷ்டமான இடம். இப்படிச் சொல்: விமானம் மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வை, அதாவது விநாடிக்கு 100 மீட்டர். 3.7 இன்ச் கன்னிலிருந்து ஷெல் அந்த உயரத்துக்குப் போய்ச் சேர 20 விநாடி ஆகிறது என்று வை. அதற்குள் விமானம் 2 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஆகவே இப்போது ஆகாயத்தில் ஒன்றுமில்லாத ஒரு புள்ளியைக் குறிவைத்துச் சுட வேண்டும். அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்துக் கொடுத்தது பெண்களின் வேலை.

தளத்தில் பொதுவாக நாலு கன், அவற்றுக்கு நடுவே கமாண்ட் போஸ்ட். ஸ்பாட்டர் பெண் டெலஸ்கோப்பில் பார்த்து, வருவது நம் விமானமா எதிரியா என்று சொல்வாள். அடுத்தது ஹைட் ஃபைண்டர். நீளக் குழாய், பெரிய வகை 18 அடி இருக்கும். இரண்டு முனையிலிருந்தும் வரும் இரண்டு பிம்பத்தையும் திருகைத் திருப்பி ஒன்றாகப் பொருத்தினால் தூரம் கிடைக்கும், தூரமும் கோணமும் தெரிந்தால் உயரம். குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவு துல்லியம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டால் உலோகம் விரிந்து அளவு பிசகும், விமானம் எட்டப் போகப் போகப் பிழையும் வேகமாகப் பெருகும்.

அந்த உயரம் பிரெடிக்டருக்குப் போகும். பிரெடிக்டர் என்பது பல்சக்கரமும் டயலுமாக ஒரு பெரிய இரும்புப் பெட்டி, சுற்றி ஆறேழு பெண்கள். ஒருத்தி டெலஸ்கோப்பின் செங்குத்துக் கம்பியில் விமானத்தை நிறுத்துவாள், இன்னொருத்தி படுக்கைக் கம்பியில். மற்றவர்கள் டயல் முள்ளோடு முள் சேர்ப்பார்கள். கைச்சக்கரம் எந்த வேகத்தில் சுற்றுகிறதோ அதிலிருந்துதான் அந்தப் பெட்டி விமானத்தின் வேகத்தைத் தெரிந்துகொள்ளும். அதனால் விட்டு விட்டுத் திருப்பக் கூடாது. ஒருத்தி சற்று பின்தங்கிவிட்டு வெடுக்கென்று திருப்பிப் பிடித்தால், விமானம் திடீரென்று வேகமெடுத்துவிட்டதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். நாலு கன்னும் தவறான இடத்தைப் பார்க்கும். ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுகிற மாதிரி ஒரே சீராகத் திருப்ப வேண்டும். பெண்களுக்கு இயல்பிலேயே நுணுக்கமான கை என்று அந்தக் காலத்தில் எழுதினார்கள். நீ அதைச் சொல்லாதே. தினமும் மணிக்கணக்கில் பழகிய கை அது, அவ்வளவுதான்.

பிரெடிக்டர் மூன்று எண்களைக் கொடுக்கும்: திசை, ஏற்றக் கோணம், ஃபியூஸ், அதாவது ஷெல் எத்தனை விநாடியில் வெடிக்க வேண்டும் என்ற நேரம். கேபிள் வழியாக அவை கன்னில் உள்ள டயலுக்கு வரும். கன் நம்பர்கள், அதாவது கன்னை இயக்குகிறவர்கள், ஆண்கள். அவர்கள் முள்ளோடு முள் பொருத்துவார்கள். முழு ரவுண்டு 22 கிலோ. ஃபியூஸை வைத்து, லோட் செய்து, சுட வேண்டும். ஃபியூஸை வைத்த நேரத்துக்கும் சுடும் நேரத்துக்கும் நடுவில் எத்தனை விநாடி என்பதைப் பிரெடிக்டர் முன்கூட்டியே கணக்கில் சேர்த்திருக்கும். அதற்கு டெட் டைம் என்று பெயர், உன் பையன்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். லோடர் கை வழுக்கி 2 விநாடி தாமதித்தால் விமானம் 200 மீட்டர் நகர்ந்திருக்கும். பெண்கள் கணக்கு அத்தனையும் சரியாக இருந்தும் ஷெல் வெறும் ஆகாயத்தில் வெடிக்கும்.

இது போக, தினமும் காலையில் பிரெடிக்டரையும் கன்களையும் லெவல் பார்த்து, ஒரே தூரப் புள்ளியைக் குறிவைத்து ஒன்றுக்கொன்று திசை ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். பிரெடிக்டர் ஓரிடம், கன் வேறிடம், அந்த இடைவெளியையும் சேர்க்க வேண்டும். காற்று, வெப்பநிலை, பேரல் தேய்மானம் எல்லாவற்றுக்கும் திருத்தம் உண்டு. இவ்வளவும் செய்த பிறகு விமானி லேசாக வளைந்து பறந்தால் போயிற்று. நேராக, ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் வருவான் என்ற அனுமானத்தில் நிற்கிற கணக்கு அது.

இத்தனை செய்த பெண் கன்னைச் சுட மட்டும் கூடாது. அரசாணையே அப்படி. பீரங்கிப் படையின் வெள்ளை லேன்யார்டை, அந்தத் தோள் கயிற்றை, அணியலாம், மார்பில் அவர்களுடைய கிரனேட் சின்னத்தைக் குத்தலாம், குண்டு விழும் இடத்தில் நிற்கலாம். சட்டத்தில் அவள் போராளி இல்லை. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வரும். நீ கமிஷன் வாங்கிப் பரங்கிமலையில் நின்ற அன்று நாயப் சுபேதாராக ரிடையரான நான் என் மகளுக்கு சல்யூட் அடித்தேன். அந்தக் கோபம் பாதி அன்றைக்குத்தான் தணிந்தது. ஆனால் பெருமையாகப் பெற்று என்ன, நாலு வாரம் குரல் காட்டாத பிள்ளையாக இருக்கிறாய்.

சத்தத்தைப் பற்றியும் பேசு. ஒரு கன் நிமிடத்துக்கு 10 முதல் 20 ரவுண்டு. நாலு கன்னும் சேர்ந்து சுடும்போது கமாண்ட் போஸ்டில் இருப்பவள் நாலு பக்கமும் வாங்குவாள். கான்கிரீட் சுவர் இருந்தால் அதுவும் திருப்பி அடிக்கும். பெரும்பாலும் காதில் பஞ்சுதான். உலர்ந்த பஞ்சு சில டெசிபெல்லுக்கு மேல் தடுக்காது. வெடிச் சத்தம் 140 டெசிபெல்லைத் தாண்டினால் ஒரே அடியில்கூடக் காது பழுதாகும் என்பது இன்றைய கணக்கு. பீரங்கி அதற்கு மேல்தான். பிளக் போடு. ஒரு ரவுண்டுதானே என்று இருந்துவிடாதே.

இன்னொன்று. அவர்கள் காலர் மேல் முடி விழக் கூடாது என்று விதி இருந்தது, அதனால் சுருட்டி மேலே செருகுவார்கள். நீயும் கொண்டை போடுகிறாய். காதை மூடும் மஃப் போடும்போது காதோர முடி மெத்தைக்கு அடியில் சிக்கினால் அந்தச் சந்து வழியாகச் சத்தம் உள்ளே வரும். மூக்குக் கண்ணாடியின் காம்பும் அப்படியே. முடியை முழுக்கப் பின்னால் ஒதுக்கிவிட்டு மஃபை வை. நுரை பிளக் என்றால் மெல்லிய திரியாக உருட்டு. எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னும் இழு. பிளக்கை உள்ளே செலுத்தி, உப்பி நிற்கும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடி. பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போடாததற்குச் சமம். பிளக்கும் போடு, அதன் மேல் மஃபும் போடு. கையில் அழுக்கு இருக்கும்போது உருட்டாதே, சீழ் பிடிக்கும்.

1944ஐயும் விடாதே. வி-1 என்கிற ஆளில்லாப் பறக்கும் குண்டு வந்தபோது, ஜூலை மத்தியில் நூற்றுக்கணக்கான கன்களை லண்டன் பக்கத்திலிருந்து பிரித்துச் சில நாட்களில் தென்கிழக்குக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். கான்கிரீட் காயும்வரை காத்திருக்க நேரமில்லை. ரயில் தண்டவாளத்தையும் ஸ்லீப்பர் கட்டைகளையும் அடுக்கி, அதன் மேல் கன்னை நிறுத்தினார்கள். பெண்கள் கூடாரத்தில், சேற்றில். புது ரேடார், மின்னணுப் பிரெடிக்டர், இலக்குக்கு அருகில் போனதும் தானாக வெடிக்கும் ஃபியூஸ் மூன்றும் சேர்ந்தபோதுதான் அதுவரை இல்லாத அளவுக்கு விழ ஆரம்பித்தது. அந்த ஃபியூஸுக்கு நேரம் வைக்க வேண்டியதில்லை, ஆகவே அதில் வரும் பிழையும் இல்லை. பிறகு கலப்பு ரெஜிமெண்ட் கடல் தாண்டி பெல்ஜியத்துக்கும் போனது.

நம் நாட்டிலும் 1942ல் பெண்கள் துணைப்படை ஒன்றை அமைத்தார்கள், 10,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். பெரும்பாலும் அலுவலகம், டைப்பிங், தொலைபேசி, சங்கேதம். அதை ஒரு வரியில் சொன்னால் போதும்.

நோரா கேவெனியைப் பற்றிக் கட்டாயம் சொல்வாய், எல்லாரும் சொல்கிறார்கள். 18 வயது. 1942 ஏப்ரலில் பிரெடிக்டரில் நின்று விமானத்தைப் பின்தொடர்ந்துகொண்டிருக்கும்போது குண்டுச் சிதறல் பட்டு இறந்தாள். பக்கத்தில் நின்ற பெண் அந்த நொடியே அவள் இடத்தில் நின்று வேலையைத் தொடர்ந்தாள். கன் நிற்கவில்லை. இதைச் சொன்னால் பையன்கள் எழுந்து நின்று கைதட்டுவார்கள். தட்டட்டும். ஆனால் பாப்பா, காயம் பட்டால் காட்டாதே, வலித்தால் சொல்லாதே என்று அதற்கு அர்த்தம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நான் எடுத்திருக்கிறேன்.

உன் முதல் ஃபயரிங் கேம்ப் முடிந்து, "காதுல ங்ஙொய்னு கேக்குதுப்பா, நிக்கவே மாட்டேங்குது" என்று இரவு பதினோரு மணிக்குப் போன் செய்தாய். என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான், ரெண்டு நாளில் போய்விடும், எம்.ஐ. ரூமுக்கு, அந்த யூனிட் மருத்துவ அறைக்கு, போகாதே, போனால் மெடிக்கல் கேட்டகரியைக் குறைத்துவிடுவார்கள், பொம்பளைப் பிள்ளை தாங்கவில்லை என்று பேச்சு வரும் என்றேன். தாங்கிக்கோ என்றேன். அதற்குப் பிறகு நீ காதைப் பற்றிப் பேசவே இல்லை.

தவறாகச் சொல்லிவிட்டேன். தெரியாமல் சொன்னதும் இல்லை. என் இடது காது சர்வீஸில் பதினோராவது வருஷமே போய்விட்டது. ஆண்டு மெடிக்கலில் முதுகைத் திருப்பி நிற்க வைத்து, ஆறு மீட்டர் தள்ளி நின்று முணுமுணுப்பார்கள். வலது காதால் பாதி, ஊகத்தால் பாதி என்று ஒவ்வொரு வருஷமும் தேறினேன். ஷேப்-1, முழு உடல்தகுதி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டால் நான் வேண்டுமென்றே வராமல் இருப்பதாக இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். பிரமோஷன் போய்விடுமே என்று நான் செய்த பித்தலாட்டத்தை உனக்குத் தைரியம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே நீ ஏன் போனை எடுப்பதில்லை என்று எனக்குத் தெரிகிறது. கடைசியாகப் பேசியபோது ஏழெட்டு தடவை "என்னப்பா, என்னப்பா" என்றாய். சிக்னல் சரியில்லை என்றாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

வெடிச் சத்தத்தில் முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம். ஆ, ஓ எல்லாம் கேட்கும், ச, த, க, ஃப போன்ற எழுத்துகள்தான் ஒன்றுக்கொன்று குழம்பும். பேசுவது கேட்கும், என்ன சொன்னார்கள் என்று விளங்காது. நேரில் என்றால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடலாம். போனில் உதடு இல்லை, கூர்மையான சத்தத்தையும் அது பாதி வெட்டிவிடும். எழுத்தில் சமாளிக்கிறாய். நானும் அப்படித்தான் சமாளித்தேன்.

நீ ஆபீசர். உன் கட்டளைக்கு டிடாச்மென்ட், அந்தக் கன் குழு, சுடும், அவர்கள் சொல்லும் எண்ணை நீ வாங்க வேண்டும். தேர்ட்டீனா தேர்ட்டியா என்று மாறினால் என்ன ஆகும்? அதற்காகத்தான் ஒன்-த்ரீ, த்ரீ-ஜீரோ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வைக்கிறார்கள், அப்படியும் மாறும். ஹைட் ஃபைண்டரில் பழுது என்று தெரிந்தும் ஒருத்தி வாயைத் திறக்காமல் உயரம் சொல்லிக்கொண்டிருந்தால் அவளை நீ என்ன சொல்வாய்?

இந்த வாரமே எம்.ஐ. ரூமுக்குப் போ. இ.என்.டி. ஸ்பெஷலிஸ்டிடம் அனுப்பச் சொல்லிக் கேள், ஆடியோகிராம் என்கிற கேட்கும் திறன் சோதனை எடு. சத்தம் கேட்டு ஒரு நாள் முழுக்க ஆன பிறகு எடு, அதே நாளில் எடுத்தால் தற்காலிகக் குறைவும் சேர்ந்து காட்டும். இரண்டு காதையும் தனித்தனியாக எடுக்கச் சொல். அறிக்கையின் நகல் ஒன்றை நீ வைத்துக்கொள், அடுத்த வருஷம் ஒப்பிட வேண்டும். இனி எப்போதாவது சுட்ட பிறகு அடைத்த மாதிரி இருந்தாலோ, இரைச்சல் நிற்காவிட்டாலோ, அன்றைக்கே காட்டு. மருந்து வேலை செய்வதென்றால் அந்த முதல் சில நாட்களில்தான். கேட்டகரி குறைந்தால் குறையட்டும். பொம்பளைப் பிள்ளை தாங்கவில்லை என்று எவனாவது சொன்னால், ஆணான உன் அப்பனும் தாங்கவில்லை என்று என் பெயரையும் நம்பரையும் சொல்லு. எனக்குக் கூச்சமில்லை.

அம்மாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. என் காதைப் பற்றி இன்று இரவு சொல்லிவிடுவேன். உன் காதை நீ சொல். நார்த்தங்காய் ஊறுகாய் பார்சல் நாளைக்குப் போகிறது, மூடி இறுக்கமாக இருக்கும், பார்த்துத் திற.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்வேன். எடு. பேச வேண்டாம். முதலில் வலது காதில் வை, நான் மூன்று சொல் சொல்வேன். பிறகு இடது காதில் வை, அதே மூன்றை வேறு வரிசையில் சொல்வேன். சாவி, காவி, தாவி. எந்தக் காதில் எந்த வரிசையில் கேட்டது என்று வாட்ஸ்அப்பில் எழுது. ஊகித்து எழுதாதே. விளங்காவிட்டால் விளங்கவில்லை என்றே எழுது.

அன்புடன்,
அப்பா